வரேன் என்று சொல்லக் கூடாது

மேனாம்பேட்டில் நான் குடியிருந்த மாடி அறைக்குப் பதினேழு படிகள். எண்ணி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்து ஏறிக்கொண்டிருந்தபோது ஒன்பதாவது படியில் இடுப்பில் என்னவோ பிடித்துக்கொண்டது. கேனை எப்படியோ உருளாமல் இறக்கி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மேலே எட்டுப் படி, கீழே எட்டுப் படி. கேனின் மேல் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருந்தேன்.

செல்போன் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் பெயர்களைத் தள்ளிப் பார்த்தேன். அம்மாவைக் கூப்பிடலாம். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து அவளால் அழத்தான் முடியும். கம்பெனியில் என்னோடு வேலை செய்பவர் ஆவடியில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள். அந்த வீட்டுக்குக் குடிவந்து ஏழு மாதம் ஆகியும், "கொஞ்சம் வாங்க" என்று சொல்லிக் கூப்பிட எனக்கு அங்கே ஒருவரும் இல்லை என்பது அந்தப் படியில்தான் தெரிந்தது.

நான் எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. டிப்ளமோ முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. வார்ப்புகள் வரிசையாக வரும். அளவுகோலை வைத்து அளப்பேன், சரியாக இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம். நான் ஒரு நாளில் பேசும் வார்த்தைகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். கேட்டில் குட் மார்னிங். மெஸ்ஸில் சாம்பார், இன்னும் கொஞ்சம், போதும். சாயங்காலம் அம்மாவிடம் சாப்பிட்டேன். மிச்சத்தைக் கதையாக எழுதினேன். செல்போனில் தொடர்கதை போடுகிற செயலி ஒன்று உண்டு. அதில் எனக்குப் பதினோரு வாசகர்கள். யாரையும் பார்த்ததில்லை. நான் செல்போனை வைத்துக்கொண்டு குனிந்திருப்பதைப் பார்த்து, பையன் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறான் என்று அப்பா ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று என்னைக் கண்டுபிடித்தது கீழ் வீட்டு அம்மா. துணி தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை செய்பவர். அவரும் மகளும் மட்டும் இருந்தார்கள். பாத்திரம் கழுவ வெளியே வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா, அங்கியே குந்திகினு கீற?"

சொன்னேன். அவர் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு மேலே ஏறிவந்து என் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். பிறகு, ஆஸ்பத்திரிக்கெல்லாம் போக வேண்டாம், எம் பொண்ணு கால் முன்ன வந்து பொறந்தவ, மூணு மிதி மிதிச்சா உட்டுப் பூடும் என்றார்.

எங்கள் ஊரிலும் இது உண்டு. தலை முன்னே வராமல் கால் முன்னே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விடும் என்பார்கள். நான் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் ஒதுக்கித் தள்ளுகிறவன். நம்பவில்லை. ஆனால் ஒன்பதாவது படியில் நின்றுகொண்டு நம்பிக்கையைப் பற்றி விவாதிக்க முடியாது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டுப் படியும் பக்கவாட்டில் இறங்கினேன்.

மகள் உள்ளே சுவரில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கொரட்டூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. மாட்டேன் என்றாள். அம்மா கெஞ்சினார், திட்டினார், பாவம் அந்தப் புள்ள என்றார்.

"மிதிக்க மாட்டேன்னு எத்தினி வாட்டி சொல்லிகீறேன்மா உன்கிட்ட" என்றாள் அவள், மெல்லிய குரலில். வெளி ஆள் ஒருவன் எதிரில் வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து நான் புரிந்துகொண்டவை பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கின்றன.

கடைசியில் எழுந்துபோய் இடது காலைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தாள். என்னைப் பாயில் குப்புறப் படுக்கவைத்தார்கள். கன்னம் சிமெண்ட் தரையில் பட்டுச் சில்லென்றிருந்தது. எனக்குத் தெரிந்தது அவளுடைய வலது பாதம் மட்டும்தான். குதிகாலில் லேசான வெடிப்பு, சுண்டுவிரலில் செருப்பு கடித்த தழும்பு. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தன் எடையைத் தாங்கிக்கொண்டு, மூச்சை வெளியே விடச் சொன்னாள். விட்டேன்.

துருப்பிடித்த போல்ட்டை ஸ்பேனர் போட்டு ஒரே மூச்சில் திருப்பினால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் என் உடம்புக்குள் கேட்டது. இரண்டாவது மிதியில் கண்ணில் தண்ணீர். மூன்றாவதில் நான் போட்ட கூச்சலுக்கு வீட்டுக்காரர் வீட்டு நாய் குரைத்தது. கீழ் வீட்டு அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே, "அழுவாத நைனா, முடிஞ்சிச்சி" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. என் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்து, கால் மரத்துப்போகிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரு விரலைக் கிள்ளி, இது எந்த விரல் என்றாள். கட்டைவிரல் என்றேன். இன்னொன்றைக் கிள்ளினாள். சுண்டுவிரல் என்றேன். நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு எழுந்தாள். இதுவும் வைத்தியத்தில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டேன்.

நான் எழுந்து நின்றேன். வலி இல்லை. குனிந்தேன், நிமிர்ந்தேன், இல்லை. எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது அந்த அம்மா ஒன்று சொன்னார். நன்றி சொல்லக் கூடாது, வரேன் என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்காமல் வாசற்படி தாண்டிப் போய்விட வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்தும் சாவு வீட்டிலிருந்தும் கிளம்பும்போது வரேன் என்று சொல்லாமல் கிளம்புகிறோமே, அது மாதிரி. சொன்னால் வலியும் திரும்பி வரும். தலையாட்டினேன். ஆனால் என் நாக்கு என் அப்பாவின் நாக்கு. சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு ஏறிய ஒவ்வொரு ஆபீசிலும், வாசலில் நிற்கும் பியூனிடம்கூடக் கைகூப்பி, ரொம்ப நன்றிங்க, வரேங்க என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். வாசற்படியில் செருப்பை மாட்டியதும் திரும்பினேன்.

"ரொம்ப நன்றிங்க. வரேங்க."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க.

செவ்வாய்க்கிழமை வலி திரும்ப வந்தது. கம்பெனியில் வார்ப்பு இருந்த டிரே ஒன்றை நகர்த்தினேன், அதனால் வந்தது என்று அளவு தெரிந்தவனாகச் சொல்லிக்கொள்ளலாம். சாயங்காலம் இடுப்பைப் பிடித்தபடி கீழே போய் நின்றபோது, "அம்மா சொல்லுச்சுல்ல, வரேன்னு சொன்னீங்க, வந்துட்டீங்க" என்றாள் மகள். மறுபடி மூன்று மிதி, மறுபடி நாய், மறுபடி விரல் கிள்ளல். இந்தத் தடவை வாயை இறுக மூடிக்கொண்டு வெளியே போனேன்.

அதன் பிறகு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பேசிக்கொண்டோம். அவள் என்னை மாடி வீட்டு சார் என்பாள். பகலில் ஊசியால் குத்துகிறாள், சாயங்காலம் காலால் மிதிக்கிறாள், என்ன பிழைப்பு என்று நான் கேலி செய்தால், காசு கொடுத்துக் குத்து வாங்குறவங்க வரேன்னு சொல்றதில்ல சார் என்பாள். ரயிலில் போகும்போது செல்போனில் தொடர்கதை படிப்பாளாம். நானும் எழுதுவேன் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். ஒரே வாரத்தில் என் நான்கு கதைகளையும் படித்துவிட்டு வந்தாள்.

"எல்லாரும் செத்துப் போறாங்க சார் உங்க கதையில. ஒருத்தரையாவது பொழைக்க வைக்க மாட்டீங்களா?"

அவள் பன்னிரண்டாவது வாசகி. என் முகம் தெரிந்த ஒரே வாசகி.

பிழைக்க வைத்தேன். ஒரு ராஜ்யம், அதில் ஒரு வைத்தியச்சி. மூலிகை கிடையாது, மந்திரம் கிடையாது. இடது காலால் மூன்று மிதி. எந்த நோயும் போய்விடும், ஆனால் அந்த மூன்று மிதியும் நோயைவிட வலிக்கும். சேனாதிபதி குழந்தை மாதிரி அழுவார், ராஜகுரு அவளைக் கண்டாலே நோய் தீர்ந்துவிட்டது என்று ஓடுவார். ஒரு ராஜகுமாரன் மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, வேண்டுமென்றே, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லுவான். வலி திரும்ப வரும். அவனும் திரும்ப வருவான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, நான் சிரிப்பு வருகிற மாதிரி எழுதுவேன் என்று. பதினோரு பேர் நூறு பேராகி அதற்கும் மேலே போனார்கள். அவளும் வாராவாரம் படித்தாள். வைத்தியச்சி தான்தான் என்று தெரிந்தே படித்தாள். உங்க வைத்தியச்சிக்கு எதுக்கு சார் வெள்ளிக் கொலுசு, நான் போட்டதே இல்லையே என்று மாடியில் கேட்டாள். நான் துணி உதறுவதில் மும்முரமாக இருந்தேன்.

ஆனால் என் இடுப்பு சரியாகிவிட்டது. அதுதான் தொந்தரவு. மிகச் சரியாகக் குணமாகியிருந்தேன். மழைக்காலம் தொடங்கியது, துணி அறைக்குள்ளேயே காய்ந்தது, மொட்டைமாடிக்கு யாரும் வரவில்லை. ஒரு மாதம் கீழ் வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடையை எடுத்துக்கொண்டு கொரட்டூர் ஏரிக்கரை வரை போய், ஒரு டீ குடித்து, திரும்பி வருவேன். வரும்போது அவர்கள் வீட்டு ஜன்னலில் டிவி வெளிச்சம் தெரியும். பதினேழு படி ஏறுவேன்.

அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வலி இல்லை. பாயை விரித்தார்கள். மிதிப்பதற்கு முன்னாலேயே அவள் தன் கேள்வியைக் கேட்டாள், கால் மரத்துப்போகிறதா என்று. இல்லை என்று சொன்னால் மூன்று மிதி, ஐந்து நிமிடம், அப்புறம் பேசாமல் வெளியே போக வேண்டும். அதை நினைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"லேசா. இடது கால்ல, கட்டைவிரல் பக்கம்."

ஜன்னல் கம்பியிலிருந்து அவள் கை இறங்கியது. மிதிக்கவில்லை. அசையாமல் படுங்க என்றாள். மறுநாள் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லி, தன் லேபுக்குப் பக்கத்திலிருந்த எலும்பு டாக்டரிடம் நேரம் வாங்கி, ஸ்கேனுக்கும் சொல்லிவைத்து, என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ரயிலில் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துத் தந்தாள். என் ஃபைலை அவளே வைத்துக்கொண்டாள். கொரட்டூர் ஸ்டேஷன் படியில் என் முழங்கையைப் பிடித்து இறக்கினாள். என்னோடு ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு நோயும் இல்லாமல் இவ்வளவு சந்தோஷமாக நான் நொண்டியதில்லை.

ஸ்கேன் எடுத்து முடித்து, ரிசல்ட்டுக்காக பெஞ்சில் காத்திருக்கும்போது சொன்னாள். முன்பு அவர்கள் பூந்தமல்லியில் இருந்தார்கள். கால் முன்னே வந்த பிள்ளை என்று தெருவே அவளைத் தேடி வரும். தூங்குகிறவளை எழுப்பி மிதிக்கச் சொல்வார்கள், பரீட்சைக்குக் கிளம்புகிறவளை நிறுத்தி மிதிக்கச் சொல்வார்கள். அவளுக்குப் பதினோரு வயதில் மூட்டை தூக்குகிற ஒருவர் வந்தார். மிதித்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போகிறது என்றார். பிறகு அந்தக் கால் சரியாகவே இல்லை. டாக்டர்கள் ஏற்கெனவே முதுகுத் தட்டு விலகியிருந்தது என்று சொன்னார்களாம். தெரு அதைக் கேட்கவில்லை. அவருடைய மனைவி தினமும் வாசலில் வந்து நின்று, ஒரு வார்த்தையும் சொல்லாமல், இவள் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவாராம். கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் யாரையும் மிதித்ததில்லை. அந்தப் படியில் நான் மாட்டிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைவரை.

"அம்மா நெனச்சுது, ஒருத்தர் நல்லா எந்திரிச்சுப் போனா என் பயம் பூடும்னு" என்றாள்.

அந்த பெஞ்சில் நான் சொல்லியிருக்க வேண்டும். என் கால் மரத்துப்போகவில்லை, நான் பொய் சொன்னேன் என்று. ஆறு வார்த்தை. வாயைத் திறந்தேன், அதற்குள் டாக்டரின் அறையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அப்படித்தான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர்கள் கூப்பிட்டது கொஞ்ச நேரம் கழித்து.

டாக்டர் காலைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார், படத்தை வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றுமில்லை, தட்டெல்லாம் நன்றாக இருக்கிறது, தண்ணீர் கேன் தூக்காதீர்கள் என்றார். வெளியே வந்ததும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாங்க சார், கரும்பு ஜூஸ் குடிக்கலாம் என்றாள். வழியெல்லாம் பேசினாள். லேபில் ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுகிற போலீஸ்காரரைப் பற்றி, தன் அம்மா தைத்து, கை இரண்டும் ஒரே பக்கம் வந்த சட்டையைப் பற்றி. அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று பேசாமல் வந்தேன். அது என்னுடைய சந்தோஷம், அதைத்தான் நான் காப்பாற்றிக்கொண்டேன் என்பது பிறகு புரிந்தது.

நேரில் சொல்ல நாக்கு வராதவன் கதையில் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துப் போட்ட பகுதியில் ராஜகுமாரன் கால் மரத்துப்போனதாக நடிக்கிறான். வைத்தியச்சி பதறிப்போய் ரதத்தில் ஏற்றி அரண்மனை வைத்தியரிடம் கூட்டிப்போகிறாள். கால் மரத்துப்போகிறதா என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வருகிறாள். மரத்துப்போகவில்லை பெண்ணே, மரம் மாதிரி உன் எதிரில் வேர்விட்டுவிட்டது என்று அவன் உளறுகிறான். கடைசியில் உண்மை தெரிந்து, வைத்தியச்சி அகப்பையை எடுத்துத் துரத்துகிறாள். துரத்தும்போதே சிரித்துவிடுகிறாள். அவளும் அப்படிச் சிரிப்பாள் என்று நினைத்தேன். முதல் நாள் வாசற்படியில் சிரித்தாளே, அந்த மாதிரி. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். பூந்தமல்லியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, அதனால் தவறில்லை என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை ரயிலில் படித்திருக்கிறாள். அன்று மத்தியானம் வரை என் செல்போனில் வாசகர்கள் போட்ட இதயமும் சிரிப்பும் வந்துகொண்டே இருந்தன. முதல் ஷிப்ட் முடிந்து வந்து அறையில் உட்கார்ந்திருந்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவள் மாடி ஏறி என் அறைக்கு வந்தது அந்த ஒரு தடவைதான். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஜன்னல் கம்பியைப் பிடிப்பதுபோல.

"அந்த ராஜகுமாரன் பண்ணது நெசமா சார்?"

ஆமாம் என்றேன்.

"லேசாக்கூட மரத்துப் போகலையா?"

"இல்லைங்க."

 நான் எழுந்து மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் மிதிச்சப்புறம் உங்க காலு மரத்தும், தட்டுக்கு ஒண்ணும் ஆகலன்னு வந்துச்சுல்ல. அப்ப அந்த ஆளுக்கும் என்னால ஆயிருக்காதுன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அன்னிக்கு அழுதேன். ரெண்டு வாரமா நல்லாத் தூங்கினேன் சார்." அவள் என் அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பாய், கேன், கொடியில் ஈரத்துணி. "உங்க கதையில அவ சிரிக்கிறா. நல்லா எழுதிகீறீங்க."

இறங்கிப் போய்விட்டாள். கோபமாகக் கதவைச் சாத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். சாத்தாமலே போனாள்.

அந்தப் பகுதியை அன்றே அழித்தேன். மறுநாள் முழுக் கதையையும். அடுத்த பகுதி எப்போது, வைத்தியச்சி ராஜகுமாரனைக் கல்யாணம் செய்துகொண்டாளா, ஏன் காணோம் என்று கேட்டுக் கொஞ்ச நாள் செய்தி வந்தது.  அவள் பார்த்தால் தலையசைப்பாள். சண்டையெல்லாம் இல்லை. அவளுடைய அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. கருவாட்டுக் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, நைனா என்று படியடியில் நின்று குரல் கொடுப்பார். மொட்டைமாடியில் அவர்கள் துணி நான் வேலைக்குப் போன பிறகு காயும், வருவதற்குள் எடுக்கப்பட்டிருக்கும்.

மூன்று மாதம் கழித்து உண்மையாகவே பிடித்துக்கொண்டது. கேன் தூக்கவில்லை. குளியலறையில் துணி துவைக்கும்போது சோப்பு கீழே விழுந்தது, எடுக்கக் குனிந்தேன், அவ்வளவுதான். கையிலிருந்த பக்கெட் உருண்டது. சத்தம் கேட்டு அந்த அம்மாதான் ஏறி வந்தார். டாக்டரிடம் போகிறேன் என்றேன். நடக்க முடியாமல் எப்படிப் போவாய் என்று கேட்டார். நான் எவ்வளவு தடுத்தும் கீழே பார்த்து மகளைக் கூப்பிட்டார்.  பிறகு குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி பக்கவாட்டில் இறங்கினேன். அதே பாய். அதே சிமெண்ட் தரை. ஜன்னல் கம்பியைப் பிடிக்கும் முன் கேட்டாள்.

"கால் மரத்துப் போவுதா?"

"இல்ல."

"நெசமா சொல்லுங்க."

"நெசமா இல்ல."

நம்பவில்லை. காலடியில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகக் கிள்ளினாள். முன்பு இரண்டு விரல்தான், இப்போது பத்தும். குப்புறப் படுத்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது கட்டைவிரல். இது அதற்கு அடுத்தது. இது சுண்டுவிரல், வலது கால். பத்தையும் சரியாகச் சொன்னேன். அவளிடம் நான் சுத்தமாகக் கொடுத்த பதில்கள் அவைதான். அதன் பிறகே மிதித்தாள். நான் கத்தவில்லை. நாயும் குரைக்கவில்லை. முடிந்ததும் மறுபடி பத்து விரல், மறுபடி பத்துப் பதில்.

எழுந்து நின்றேன். வலி விட்டிருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். போங்க என்றாள்.

சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. மூன்று மாதமாக மெஸ்ஸில், எஸ்டேட் ரோட்டில், ஏரிக்கரையில் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன். வாசற்படியில் செருப்பை மாட்டும்போது அந்த ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. சொன்னால் வலி திரும்பும். வலி திரும்பினால் நானும் திரும்பி வரலாம். ஆனால் அந்த வேடிக்கையை நான் ஏற்கெனவே செலவழித்துவிட்டேன். இவள் காலுக்கு அடியிலிருந்து எழுந்து போன ஒருவனுக்காவது வலி வராமல் இருக்க வேண்டும். நன்றி சொல்லவில்லை. வரேன் என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் பதினேழு படி ஏறினேன். கீழே கதவு சாத்தும் சத்தம் எட்டாவது படியில் கேட்டது.

அந்த வருடமே வீடு மாற்றினேன். இப்போது திருநின்றவூரில் இருக்கிறேன். தரைத்தளம், படி கிடையாது. ஏரிப் பக்கம் காற்று வரும். பேசுவதற்கு ஆள் இங்கேயும் இல்லை. அம்மாவிடம் சாப்பிட்டேன் என்கிறேன்.

காலை ரயிலில் அம்பத்தூரில் இறங்குவேன். அதே ரயிலில்தான் கொரட்டூர் போகிறவர்கள் ஏறுவார்கள். போன மாதம் ஒரு நாள் இறங்கும்போது பெண்கள் பெட்டிக்கு நேரே அவள் நிற்பதைப் பார்த்தேன். தோளில் பை, கையில் டிபன் டப்பா. அவளும் பார்த்தாள். முதலில் என் முகத்தை அல்ல, காலை. பிறகு இடுப்பை. அப்புறம்தான் என்னை.

 வண்டி அரை நிமிடம்தான் நிற்கும். கூட்டத்திலிருந்து விலகி, பிளாட்பாரத்தின் காலியான ஓரத்துக்கு வந்து, அவளுக்கு நன்றாகத் தெரியும்படி முதுகு நேராக, இரண்டு காலையும் முழுதாக ஊன்றி, கடைசிவரை நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி என்னைத் தாண்டிப் போனது.